ஓ என்னும் ஊர்

அஞ்சலட்டையில் முகவரி இரண்டே சொல்:
லிவ்,
ஓ.

தலையில் சின்ன வளையம் சுமந்த ஒற்றை எழுத்து.
அவர்கள் நெடுங்கணக்கில் கடைசிப் பிள்ளை.
வாய்விட்டுச் சொன்னால் நம் ஓகாரம்.
பின்கோடு இல்லை. அனுப்பியவர் பெயர் இல்லை.
மறுபக்கம் நீல மையில்,
மழை தின்றது போக மிச்சம்:
"வெள்ளிக்கிழமை வருகிறேன்.
கதவைத் தாழிடாதே."

திரும்பிவந்த தபால்களின் அறையில்
தூர்மோட் ஹெக்கே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
அவருக்குத் தெரிந்தே நார்வேயில் நாலைந்து ஓ.
ஒன்று வடக்கே, சாலை தீர்ந்துபோகும் தீவு முனையில்,
காட் மீன் காயும் மரச்சட்டங்களுக்குக் கீழே.
ஒன்றில் நான்கு பண்ணை வீடுகள், தினம் ஒரு பால்வண்டி.
இன்னொன்றில் பெயர்ப்பலகையே இல்லை;
கோடையில் வந்த பையன்கள் கழற்றிப் போய்விட்டார்கள்.
எந்த விடுதி அறைச் சுவரிலோ
ஆணியில் தொங்குகிறது ஊர்.

ஓ என்றால் அங்கே ஆறு, அதுவும் சிற்றாறு.
நீர் இறங்கிய இடத்திலெல்லாம்
அதே பெயரை உதறிவிட்டுப் போயிருக்கிறது.
தனக்கென்று தனிப்பெயர் வேண்டுமென்று
எந்த ஆறு மனுப்போட்டது?

வியப்புக்கும் அதே ஓதான்.
வினைச்சொல்லின் வாசலில் கிடக்கும் படிக்கல்லும் அதுதான்:
ஓ போக, ஓ தூங்க, ஓ மறக்க.
நுண்ணோக்கியில் கண் வைத்தவர்களுக்கோ
அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே
அளந்து பார்க்கும் தூரம்.

லிவ் மட்டும் என்ன, ஒழுங்கா?
பெண்ணின் பெயர். உயிர். சட்டையின் இடுப்புப் பகுதி.
எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்த முகவரி:
உயிர், ஆறு.

இதற்குமேல் யோசித்தால் வேலை நடக்காது.
வடக்கே அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் திரும்பியது, ஓரத்தில் பென்சில் எழுத்தோடு:
"நான் லிவ்தான். என்னிடம் வர யாருமில்லை.
இருந்தாலும் வெள்ளிக்கிழமை தாழ் போடவில்லை.
பூனை வந்தது."

இரண்டாம் ஓவில் லிவ் என்பது படகு.
"படகுக்கு ஏதய்யா கதவு,"
என்று எழுதியிருந்தார் ஓட்லைவ் என்பவர்,
கூடவே மீன் செதில் ஒன்று, வேண்டுமென்றல்ல.

மூன்றாம் ஓ மூன்று வாரம் பேசவில்லை.
பிறகு தடித்த உறைக்குள்,
இஸ்திரி போட்டதுபோல் நேராக்கிய அட்டை, ஒரு துண்டுச்சீட்டு:
"என் மனைவி மார்ச்சில் போய்விட்டாள்.
இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியவில்லை.
தெரிய வேண்டுமா என்றும் தெரியவில்லை."

தூர்மோட் அன்று மதியம் ரொட்டியைப் பாதியில் வைத்தார்.

நான்காவதிலிருந்து வெறும் முத்திரை: ஆளில்லை.

என் மொழியின் இலக்கணக்காரர்கள்
ஓரெழுத்து ஒருமொழி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.
ஆ மாடு. கோ அரசன். தீ தீயேதான்.
ஓவுக்கு நேரே, யாருக்கும் நினைவில்லாத ஒரு பொருள்:
மதகில் நீரைத் தடுத்து நிற்கும் பலகை.
அவர்கள் ஓ ஓடுகிறது; எங்கள் ஓ தடுக்கிறது.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
பார்த்தாலும்
நலம் விசாரிக்க இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கும்.

அட்டையில் இனி எழுத இடமில்லை.
தூக்கிப் பெட்டியில் போடுமுன்
வெளிச்சத்தில் சாய்த்தார்.
மை அப்பிய முத்திரைக்கடியில்
தபால்தலையின் மூலை மட்டும் தெரிந்தது:
டென்மார்க்.
அங்கும் ஆறு ஓதான். அங்கும் லிவ் உண்டு.
தாழிடாதே என்பதைக்கூட
இரண்டு நாட்டிலும் ஒரேபோல்தான் எழுதுவார்கள்.
கடலைத் தாண்டவே வேண்டியிராத அட்டை.
ஏழு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன.

"ஓ," என்றார் தூர்மோட்.

பக்கத்து மேசையில் குன்வோர்
தலை நிமிராமல் கேட்டாள்:
"எந்த ஓ?"